சிறிய நாடு எப்போது மறைகிறது, எப்போது மீள்கிறது? சங்ககிரி முதல் எஸ்தோனியா வரை

எழுபது ஆண்டுகளுக்கு மேல் எந்தப் படைக் கூட்டணியிலும் சேராமல் இருந்த பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் ஏன் சேர்ந்தது? நேபாளம் 2020இல் தன் வரைபடத்தை ஏன் திருத்தி வெளியிட்டது? பதின்மூன்று லட்சம் பேர் வாழும் எஸ்தோனியா, எங்கோ நடக்கும் போரைத் தன் வாசலில் நடப்பதாகவே எண்ணி ஏன் பதறுகிறது? நாளிதழில் இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது பெயர்கள் மட்டும் மனதில் நிற்கின்றன, காரணம் பிடிபடுவதில்லை. அன்றாடச் செய்தி நேற்று நடந்ததைத்தான் சொல்லும். இந்த நாடுகளோ நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தாள்களை நினைவில் வைத்து இன்றைய முடிவுகளை எடுக்கின்றன.

சேலத்தில் வாழ்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வசதி உண்டு. இந்த மண்ணும் பல நூற்றாண்டுகள் எல்லை மண்ணாகவே இருந்தது. சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில் தெரியும் சங்ககிரி மலைக்கோட்டையும், ஓமலூர், ஆத்தூர் கோட்டைகளும் பேரரசு ஒன்றின் நடுவே கட்டப்பட்டவை அல்ல. அரசுகளின் ஓரத்தில், எதிரி வரும் வழியில் கட்டப்பட்டவை.

முதலில் நான்கு சொற்கள்

1. இறையாண்மை: தன் மண்ணில் இறுதி முடிவைத் தானே எடுக்கும் உரிமை. வரி போடவும் சட்டம் இயற்றவும் தூதர் அனுப்பவும் இன்னொருவரின் அனுமதியைக் கேட்கத் தேவையில்லாத நிலை.

2. கப்பம்: உள்ளூரில் ஆட்சி உன்னுடையது, ஆனால் ஆண்டுதோறும் எனக்குப் பணம் கட்டு, போர் வந்தால் படை அனுப்பு என்று பெரிய அரசு விதிக்கும் ஏற்பாடு. இறையாண்மை முழுதாகவும் இல்லை, முழுதாகப் போய்விடவும் இல்லை. பழைய இந்தியாவில் பெரும்பாலான சிற்றரசுகள் இப்படித்தான் இருந்தன.

3. இடைத்தாங்கு நாடு: இரண்டு பெரிய அரசுகள் நேருக்கு நேர் உரசிக்கொள்ளாமல் நடுவில் நிற்கும் சிறிய நாடு. இரு பக்கமும் அதை விட்டுவைப்பது இரக்கத்தால் அல்ல. எதிரியின் கைக்குப் போவதைவிட நடுவில் இருப்பது மேல் என்ற கணக்கால். அந்தக் கணக்கு மாறும் நாளில் அந்த நாட்டுக்கு ஆபத்து.

4. அங்கீகாரம்: நீ ஒரு நாடு என்று மற்ற நாடுகள் எழுத்தில் ஒப்புக்கொள்வது. வெறும் சடங்குபோலத் தோன்றும். ஆனால் படையெல்லாம் தோற்ற பிறகும் ஒரு நாட்டிடம் எஞ்சக்கூடிய சொத்து இதுதான்.

‘நாடு’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இன்று அது ஐ.நா. சபையில் கொடி வைத்திருக்கும் தேசத்தைக் குறிக்கிறது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கோ பல ஊர்கள் சேர்ந்த தொகுதி ஒரு நாடு. காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் புறப்பட்டு வந்ததாகவும், அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாகவும் அவர்களின் மரபுக்கதை சொல்கிறது. கீழே சமவெளியில் அரசுகள் மாறியபோதும் மேலே இந்த ‘நாடு’ தன் வழக்கப்படி நடந்தது. ஆக, ஆட்சி நடத்தும் அமைப்பு என்பது ஒன்று, நாங்கள் ஒரு கூட்டம் என்று மக்கள் தங்களைப் பற்றி எண்ணிக்கொள்வது வேறொன்று. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் நவீன தேசம் பிறக்கிறது.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு வயல்

1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிதான் சங்க காலத் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. சேரனுக்கும் சோழனுக்கும் பாண்டியனுக்கும் முன் அவன் சிறியவன். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவல் மிகுந்த கொட்டிலில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அங்கே அவர் பாடினார். புகழ்வதுபோலச் சொல்லி, எங்களைச் சீண்டினால் போர் கடுமையாக இருக்கும் என்று உணர்த்திய பேச்சு அது. பலம் குறைந்தவன் பலம் மிகுந்தவனைத் தயங்க வைக்கும் கலையை இன்றைய வெளியுறவு அமைச்சகங்களும் இப்படித்தான் கையாள்கின்றன. நான் தோற்கலாம், ஆனால் வெற்றிக்கு நீ கொடுக்கும் விலை அதிகம் என்பதே அதன் சாரம்.

ஆயினும் தகடூர் வீழ்ந்தது. வீழ்த்திய சேரனின் பெயரோடு அந்த வெற்றி ஒட்டிக்கொண்டது: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தோற்ற சிறிய நாடு, வென்றவனின் பட்டப்பெயரில் ஓர் அடைமொழியாக எஞ்சுவது வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மண்ணில் தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் மையமாகக் கொண்டு கட்டி முதலிகள் ஆண்டார்கள். தெற்கே மதுரை நாயக்கர்கள், வடமேற்கே மைசூர் உடையார்கள். கட்டி முதலிகள் மதுரைக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆனால் மைசூரின் பார்வை படும் இடத்தில் இருந்தவர்கள். அவர்கள் சூடிக்கொண்ட பட்டம் ‘வணங்காமுடி’. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள யாளியின் வாய்க்குள் கை விட்டு உருட்டிப் பார்க்கும் கல் உருண்டை, வெளியே எடுக்க முடியாதபடி உள்ளேயே செதுக்கப்பட்டது. அத்தனை நுட்பமான வேலையைச் செய்விக்கும் செல்வமும் அமைதியும் ஒரு காலத்தில் இந்தச் சிறிய அரசுக்கு இருந்தன.

மதுரை வலுவாக இருந்தவரை கட்டி முதலிகளுக்கு இடம் இருந்தது. மதுரை தளர்ந்ததும் மைசூர் இறங்கி வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய அந்த நகர்வு, சிக்கதேவராஜ உடையார் காலத்தில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள், சேலத்தையும் பாரமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) மைசூரோடு சேர்த்துவிட்டது. கட்டி முதலிகளை வீழ்த்திய காரணங்களில் அவர்கள் செய்த தவறைவிட, அவர்களுக்குப் பின்னால் நின்ற சுவர் சரிந்ததே பெரிது. இடைத்தாங்கு நாடு ஒன்றின் உயிர் தன் உடலில் இருப்பதில்லை, இரண்டு அண்டை வீட்டாருக்கு நடுவில் உள்ள சமநிலையில் இருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான்கு போர்கள்

1767க்கும் 1799க்கும் இடையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் மைசூரும் நான்கு முறை போரிட்டன. மைசூரிலிருந்து, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இந்தப் பகுதியில் இருந்ததால் ஒவ்வொரு போரும் இதைக் கடந்தே போனது. 1768இன் முதல் பாதியில் சேலம், ஆத்தூர், நாமக்கல் கோட்டைகள் கம்பெனியிடம் போயின. அந்த ஆண்டு இறுதியில் ஹைதர் அலி திரும்பி வந்து, சில வாரங்களில் பெரும்பாலானவற்றை மீட்டார். ஒரு கோட்டை ஒரே ஆண்டில் இரண்டு முறை கைமாறுவதைப் பாட நூல் ஒரு வரியில் சொல்லிவிடும். சுற்றிலும் உள்ள ஊர்களுக்கு அது இரண்டு முறை தானியம் பறிபோவதும் இரண்டு முறை மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடுவதும் ஆகும்.

மூன்றாம் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம், சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தன் நாட்டில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுத்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடும், அது கட்டி முடியும்வரை பிணையாக இரண்டு மகன்களும் கேட்கப்பட்டார்கள். சேலமும் பாரமகாலும் கம்பெனிக்கு வந்தன. ஓசூர்ப் பகுதி திப்புவிடமே இருந்து, 1799இல் அவர் வீழ்ந்த பிறகுதான் சேலத்தோடு சேர்ந்தது. ஏழு ஆண்டுகள் கிருஷ்ணகிரி ஓர் அரசிலும் ஓசூர் இன்னோர் அரசிலும் இருந்தன. இன்று இரண்டும் ஒரே மாவட்டம். இடையில் ஐம்பது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை.

இதே காலத்தில் கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை எடுத்த முடிவுகள் சிறிய அரசுகளின் இக்கட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. மைசூருக்குப் போன வரிப்பணத்தை அவர் மறித்துப் பறித்ததாகவும், பறித்தவன் யார் என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை என்று சொல்லுமாறு அனுப்பியதாகவும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிறகு அதே மைசூரின் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். இதை முரண்பாடு என்பது தவறு. அருகில் உள்ள பெரியவனை எதிர்ப்பதும், அவனைவிடப் பெரிய ஒருவன் வரும்போது முன்னவனோடு கைகோப்பதும் சிறியவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே நேர்மையான வழி. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் கம்பெனி அவரைத் தூக்கிலிட்டது. ஆண்டுதோறும் ஆடி 18 அன்று அவருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

வாளுக்குப் பின்னால் வரும் அளவுச் சங்கிலி

இந்தக் கட்டுரையின் மையமே இந்தப் பகுதிதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1792இல் புதிய பகுதிக்குப் பொறுப்பேற்றவர் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர்கள் முதலில் தொடங்கிய பெரிய வேலை நில அளவை. ஊர் ஊராக, வயல் வயலாக அளந்தார்கள். எந்த வயல் நஞ்சை, எது புஞ்சை, மண் என்ன தரம், யார் உழுகிறார், எவ்வளவு வரி என்று எழுதினார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ராயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்து, பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. இன்று சேலம் மாவட்டத்தில் ஒருவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பட்டாவின் மூதாதை அந்தக் கணக்குதான்.

கோட்டையைப் பிடித்தவன் கோட்டையை இழக்கலாம், 1768இல் அது நடந்தது. ஆனால் ஒவ்வொரு வயலின் பெயரும் அளவும் உரியவரும் ஓர் அரசின் ஏட்டில் ஏறிவிட்டால், அந்த அரசை அகற்றுவது படைத்தலைவனின் வேலையாக மட்டும் இருப்பதில்லை. உழவருக்கே தன் நிலத்தின் மீதான உரிமைக்கு அந்த ஏடுதான் சாட்சி என்றாகிவிடுகிறது. எல்லையை நகர்த்துவது போர். நகர்ந்த எல்லையை நிலைக்க வைப்பது கணக்கும் பதிவேடும் பள்ளிக்கூடமும்.

இதே கருவி மறுபுறமும் வெட்டும். மக்களே ஏட்டில் தங்களை எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்பது ஒரு நாட்டைக் காப்பாற்றவும் செய்யும். ஐரோப்பாவின் ஒரு மூலையில் அது நடந்தது.

லக்சம்பர்க்: மூன்று கேள்விகள் உள்ள படிவம்

லக்சம்பர்க்கின் பரப்பு சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதி. இன்றும் அங்கே ஏழு லட்சத்துக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். சேலம் மாநகரில் மட்டும் 2011இலேயே எட்டு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் சூழ்ந்த இந்த நாடு 1659, 1815, 1839 என மூன்று முறை நிலத்தை இழந்தது. கடைசி முறை பாதிக்கும் மேல் பெல்ஜியத்துக்குப் போனது. 1867இல் லண்டனில் கூடிய வல்லரசுகள் அதை நடுநிலை நாடாக அறிவித்து, அதன் புகழ்பெற்ற கோட்டையை இடிக்கச் சொல்லின. கோட்டை இருந்தால் யாராவது ஆசைப்படுவார்கள் என்பது காரணம்.

கோட்டையும் போனது, நடுநிலையும் காக்கவில்லை. 1914இல் ஜெர்மன் படை நுழைந்தது, 1940 மே 10 அன்று மீண்டும் நுழைந்தது. இம்முறை நோக்கம் வேறு. லக்சம்பர்க் மக்கள் உண்மையில் ஜெர்மானியர்களே என்று நிறுவி, நாட்டையே இல்லாமல் ஆக்குவது திட்டம். அதற்காக 1941 அக்டோபர் 10 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏற்பாடானது. படிவத்தில் மூன்று கேள்விகள் முக்கியமானவை:

1. உங்கள் குடியுரிமை எது?
2. உங்கள் தாய்மொழி எது?
3. நீங்கள் எந்த இனத்தவர்?

லக்சம்பர்க் பேச்சு ஒரு வட்டார வழக்கு மட்டுமே, அதை மொழி என்று எழுதக்கூடாது என்றும் குறிப்பு தரப்பட்டது. எதிர்பார்த்த விடை ‘ஜெர்மன்’. மறைவாக இயங்கியவர்கள் துண்டுத்தாள்கள் வழியாக ஒரே செய்தியைப் பரப்பினார்கள்: மூன்று கேள்விக்கும் ‘லக்சம்பர்க்’ என்றே எழுதுங்கள். முன்கூட்டிப் பார்த்த மாதிரிப் படிவங்களில் மிகப் பெரும்பாலோர் அப்படியே எழுதியிருப்பது தெரிந்ததும், ஆக்கிரமிப்பு நிர்வாகம் கணக்கெடுப்பையே கைவிட்டது. அடுத்த ஆண்டு இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்க்க உத்தரவு வந்தபோது பொது வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காக 21 பேர் கொல்லப்பட்டார்கள்.

சமையலறை மேசையில் அமர்ந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, காவல்துறை வரும் என்று தெரிந்தே மூன்று முறை ஒரே சொல்லை எழுதிய மனிதர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்டிடம் பேசத்தக்க படையே இல்லை. நாங்கள் நாங்களாகவே இருக்க விரும்புகிறோம் என்பது அவர்களின் தேசிய முழக்கம். எந்தப் பேச்சை மொழியே இல்லை என்றார்களோ, அதை 1984இல் சட்டம் இயற்றித் தேசிய மொழியாக அறிவித்தார்கள்.

எஸ்தோனியா: ஐம்பத்தொரு ஆண்டுகள் இல்லாமல் இருந்த நாடு

எஸ்தோனியாவின் பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. டேனியர், ஜெர்மானியப் பிரபுக்கள், சுவீடன், ரஷ்யப் பேரரசு என்று எழுநூறு ஆண்டுகள் அந்த மக்கள் பிறர் ஆட்சியில் இருந்தார்கள். நிலம் ஜெர்மானியப் பிரபுக்களுடையது, எஸ்தோனியர் அதை உழுபவர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1897 கணக்கெடுப்பின்போதே அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாசிக்கத் தெரிந்தவர்கள். 1869இல் தார்த்து நகரில் தொடங்கிய பாட்டுத் திருவிழா, ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தவர்களை ஒரே மொழியில் சேர்ந்து பாட வைத்தது.

ரஷ்யப் பேரரசு சரிந்த 1918இல் அவர்கள் சுதந்திரம் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே பிரபுக்களின் பண்ணைகளை எடுத்து உழவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1920 பிப்ரவரி 2 அன்று தார்த்து உடன்படிக்கையில் சோவியத் ரஷ்யா அவர்களை அங்கீகரித்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இரகசியப் பகுதி ஒன்று இருந்தது. இடையில் உள்ள நாடுகளில் எது யாருக்கு என்று பங்கு பிரித்த பகுதி அது. பிறகு நடந்தது படிப்படியாக நடந்தது: செப்டம்பரில் சோவியத் படைத்தளங்களுக்கு இடம், 1940 ஜூனில் முழு ஆக்கிரமிப்பு, ஆகஸ்டில் இணைப்பு. 1941இல் ஜெர்மன் படை, 1944இல் மீண்டும் சோவியத் படை. 1949 மார்ச்சில், சில நாட்களுக்குள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்தோனியர்கள் ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். 1934இல் மக்களில் 88 விழுக்காடாக இருந்த எஸ்தோனியர், 1989இல் ஏறத்தாழ 61 விழுக்காடாகக் குறைந்தார்கள். கோட்டையும் ஏடும் பள்ளியும் மட்டுமல்ல, மக்கள்தொகையே எல்லையை நிலைக்க வைக்கும் கருவியாக மாற்றப்பட்டது.

இருந்தும் 1991 ஆகஸ்ட் 20 அன்று அந்த நாடு மீண்டது. எப்படி?

ஏன் ஒன்று மீண்டது, மற்றொன்று மீளவில்லை

கட்டி முதலிகளின் அரசையும் எஸ்தோனியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

1. அங்கீகாரம் சாகவில்லை. 1940 ஜூலை 23 அன்றே அமெரிக்கா இந்த இணைப்பை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது, மேற்கு நாடுகள் பலவும் சட்டப்படி ஏற்கவில்லை. நாடே இல்லாத காலத்தில் நியூயார்க்கில் எஸ்தோனியத் துணைத் தூதரகம் திறந்திருந்தது, கடவுச்சீட்டும் வழங்கியது. அந்த அலுவலகத்தால் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்த முடியாது. ஆனால் 1991இல் ‘புதிய நாடு கேட்கிறோம்’ என்று சொல்லாமல், ‘இருந்த நாட்டைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று சொல்ல அதுவே ஆதாரம். கட்டி முதலிகளின் காலத்தில் அப்படி ஒரு வெளி ஏடே கிடையாது. மதுரையின் சொல்லே அவர்களின் அங்கீகாரம், மதுரை போனதும் அதுவும் போனது.

2. நாடு யாருடைய சொத்து என்ற கேள்வி. தாரமங்கலத்து உழவருக்கு ஆட்சி மாற்றம் என்பது வரி வாங்குபவர் மாறுவது. கோயிலும் குலமும் ஊரும் அப்படியே இருந்தன. எஸ்தோனிய உழவருக்கோ 1919இல் கிடைத்த நிலம், தன் மொழிப் பள்ளி, தன் மொழி நாளிதழ் மூன்றும் அந்த நாட்டோடு வந்தவை. நாடு போனால் அவருடையதும் போகும். மக்களுக்குப் பங்கு இல்லாத அரசை மீட்க மக்கள் வரமாட்டார்கள்.

3. அண்டை வீட்டின் தளர்ச்சி. இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் பொய்யாகிவிடும். 1989 ஆகஸ்ட் 23 அன்று, அந்த இரகசிய ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று பால்டிக் நாடுகளிலும் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் கைகோத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கண்ணீர் வரவழைக்கும் காட்சி. ஆனால் 1949இல் அப்படி நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. சோவியத் ஒன்றியம் தளர்ந்த நேரத்தில், தயாராக இருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. கதவைத் திறந்தவர்கள் அவர்கள் அல்லர், தயாராக இருந்தது மட்டுமே அவர்களின் செயல். என் பார்வையில் அதுவே பெரிய செயல்.

இந்தச் சட்டத் தொடர்ச்சிக்கு ஒரு கசப்பான விளைவும் உண்டு. 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் 1991க்குப் பின் தானாகவே குடிமக்கள் ஆனார்கள். இடையில் குடியேறிய ரஷ்ய மொழியினர் மொழித் தேர்வு எழுதிக் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. பலர் எந்த நாட்டின் குடிமக்களாகவும் இல்லாமல் சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு நெடுங்காலம் வாழ்ந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது நேர்ந்தது. ஒரு நாடு தன் உயிரைக் காக்கப் பிடித்துக்கொண்ட அதே விதி, இன்னொரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தியது.

நடுநிலை யாரைக் காக்கும்?

1839இல் பெல்ஜியத்தின் நடுநிலைக்கு ஐந்து வல்லரசுகள் உறுதி கொடுத்தன. அவற்றில் ஒன்று பிரஷ்யா. பிரஷ்யாவின் வாரிசான ஜெர்மனியே 1914இல் அதை மீறி உள்ளே நுழைந்தது. பிரான்சைத் தாக்க அது குறுக்குவழி. நடுநிலை என்பது தாளில் எழுதும் குணம் அல்ல, இருக்கும் இடத்தைப் பொறுத்தது. யாருடைய வழியிலும் இல்லாதவன் நடுநிலையாக இருக்கலாம்.

பின்லாந்து வேறு வழியில் போனது. சோவியத் ஒன்றியத்தோடு நடந்த 1939–40 குளிர்காலப் போரிலும் அதை அடுத்த போரிலும் அது கரேலியாவையும் வீபூரி நகரத்தையும் இழந்தது, சுதந்திரத்தை இழக்கவில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு மேற்கே வந்தார்கள். 1945இல் சட்டம் இயற்றி, நாடு முழுவதும் நிலம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். 1948இல் மாஸ்கோவோடு உடன்படிக்கை செய்து, அதன் கோபத்தைக் கிளறாமல் பல பத்தாண்டுகள் அளந்து பேசினார்கள். இதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. ஔவையார் தொண்டைமானிடம் பேசியதும் அளந்த பேச்சுதான். உக்ரைன் மீது 2022இல் ரஷ்யா படையெடுத்த பிறகு, அளந்து பேசினால் போதும் என்ற கணக்கு உடைந்தது. 2023 முடிவு அங்கிருந்து வந்தது.

இமயத்தில் மூன்று நாடுகள், மூன்று விதிகள்

நேபாளத்தை ஒன்றிணைத்த பிருதிவி நாராயண் ஷா, தன் நாட்டை இரண்டு பாறைகளுக்கு நடுவில் உள்ள கிழங்கு என்றார். ஆங்கிலக் கம்பெனியோடு செய்து 1816இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கை நேபாளத்திடமிருந்து குமாவோன், கட்வால் பகுதிகளை எடுத்துக்கொண்டு, காளி ஆற்றை மேற்கு எல்லையாக்கியது. ஆறு எல்லை என்று எழுதினார்கள். பல ஓடைகள் சேர்ந்து ஆறாகும் மலையில் எந்த ஓடை உண்மையான தலை என்பதில்தான் இந்தியாவும் நேபாளமும் உரிமை கோரும் காலாபானிப் பகுதியின் இன்றைய தகராறு நிற்கிறது. 2020இன் புதிய வரைபடம் அந்தப் பழைய சொல்லுக்கு நேபாளம் தரும் விளக்கம்.

சிக்கிமும் பூட்டானும் ஒரே போன்ற இடத்தில் தொடங்கின. இரண்டும் முதலில் ஆங்கிலேயரின், பிறகு இந்தியாவின் நிழலில் இருந்தவை. பூட்டான் 1971இல் ஐ.நா.வில் உறுப்பினரானது. 2007இல் இந்தியாவோடு பழைய உடன்படிக்கையைத் திருத்தி எழுதி, வெளியுறவில் இந்தியாவின் அறிவுரைப்படி நடக்கும் விதியையும் நீக்கிக்கொண்டது. ஐ.நா.வில் இடம் பெறாத சிக்கிம், உள்நாட்டுக் கிளர்ச்சிக்கும் 1975 பொதுவாக்கெடுப்புக்கும் பிறகு இந்தியாவின் 22ஆவது மாநிலமானது. சிக்கிமில் மன்னருக்கும் பெரும்பான்மை நேபாளி மொழியினருக்கும் இடையே இருந்த விரிசலும் பெரிய காரணம். மக்களுக்குப் பங்கு இல்லாத அரசு என்ற அதே கதை.

கோடு நகர்ந்த பிறகு

ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் கேட்கும். பேரரசுகள் நகர்த்திய கோடுகள் விட்டுச்சென்ற குரல்கள் அவை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது, சேலம் மாவட்டத்தின் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஒரே குடியரசுக்குள் நகர்ந்த கோடு என்பதால், திருமணத்துக்கும் சந்தைக்கும் யாரும் விசா கேட்பதில்லை.

எஸ்தோனியாவின் தென்கிழக்கில் வாழும் சேத்து மக்களுக்கு அந்த நிம்மதி இல்லை. 1920 தார்த்து உடன்படிக்கையின்படி அவர்களின் பெத்சேரி நகரமும் மடமும் எஸ்தோனியாவில் இருந்தன. 1944–45இல் சோவியத் நிர்வாகம் அந்தப் பகுதியை ரஷ்யக் குடியரசோடு சேர்த்தது. ஒரே ஒன்றியத்துக்குள் இருந்தவரை அது வெறும் நிர்வாகக் கோடு. 1991இல் அது சர்வதேச எல்லையானது, முன்னோரின் கல்லறைக்குப் போக விசா வேண்டும் என்றானது. சாத்சே என்னும் இடத்தில் எஸ்தோனிய ஊர்களை இணைக்கும் சாலை ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ரஷ்ய மண்ணைக் கடந்து போனது. வண்டியை நிறுத்தாமல் ஓட்டிச் செல்லலாம், இறங்கி நடக்கக்கூடாது என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் அங்கே இருந்தது.

அந்த நிலத்தை எஸ்தோனியா திரும்பக் கேட்கவில்லை. 2005இல் இன்றைய கோட்டையே ஏற்று எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஆனால் அதை ஏற்கும் சட்டத்தில், 1920 தார்த்து உடன்படிக்கையைக் குறிப்பிடும் சில சொற்களை எஸ்தோனிய நாடாளுமன்றம் சேர்த்தது. ரஷ்யா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 1920ஐ ஒப்புக்கொண்டால் எஸ்தோனியா அன்று முதல் இடைவிடாமல் இருந்த நாடு என்றாகும், 1940 இணைப்பு சட்டவிரோதம் என்றாகும். 2014இல் மீண்டும் கையெழுத்திட்டார்கள், அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.